இரண்டு பேர் மிதிக்கும் வண்டி

அன்புள்ள மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. “சரி, பார்க்கலாம், நீ சாப்பிட்டியா” என்று கேட்டு வைத்துவிட்டேன். உன்னோடு போனில் பேசினால் எப்போதும் அப்படித்தான் ஆகிவிடுகிறது. நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் நீ அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குத் தமிழில்தான் எழுத வரும், போனக்காடு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். உனக்கு மலையாளம் ஓடுவது போலத் தமிழ் ஓடாது, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை. இந்த ஒரு தடவை நான் சொல்வதை மெதுவாகக் கேள். தடுக்கும் இடத்தில் மருமகள் ரம்யாவை வாசித்துக் காட்டச் சொல். அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் சைக்கிளில் இருந்து விழுந்ததைப் போனக்காட்டில் இருக்கிற உன் மாமா உன்னிடம் சொல்லியிருக்கிறான். சொல்லாதே என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அவனுக்கு வாய் நிற்காது. நீ பயந்துவிட்டாய். “அம்மா, அந்தச் சைக்கிள ஷாஜி அண்ணன்கிட்ட கொடுத்து வித்துரு. அதைச் செய்ய வச்சது என் தப்பு. வீட்டைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க, ரூம் ரெடியா இருக்கு” என்றாய். நான் மாவுக் கையோடு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டார். உனக்குக் கோபம் இல்லை, பயம்தான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அது உன் தப்பு என்று நீ சொன்னாயே, அது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் பொறுக்கவில்லை. அதனால் நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

அப்பாவுக்குக் கண் போன கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போதுதான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். கரமனையில் நம் வீட்டில் இருந்து தம்பானூரில் வேலை பார்த்த லாட்ஜுக்குத் தினமும் சைக்கிளில் போய்வந்த மனுஷன் ஒரு நாள் கிள்ளிப்பாலம் சிக்னல் பக்கத்தில் நின்றிருந்த ஆட்டோவில் கையை இடித்துக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரன் திடீரென்று பின்னால் எடுத்துவிட்டான் என்றார். அடுத்த வாரம் வாசல் தூணில் இடித்தார். தூணும் பின்னால் வந்ததா என்று நான் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னார். நேரே பார்த்தால் தெரிகிறது, பக்கத்தில் எல்லாம் இருட்டாக இருக்கிறது என்று. டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் போகிற நரம்பு காய்ந்துபோயிற்று, போனது திரும்பாது, மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா சைக்கிளைத் துடைத்து, சுவரோடு சாய்த்து, பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்.

லாட்ஜ் முதலாளி நல்லவர். மிச்சப் பார்வையும் போன பிறகும் வரவேற்பு மேஜையில் இருந்து அப்பாவை அனுப்பவில்லை. “முகம் வேண்டா, ஒச்ச கேட்டா மதி உமக்கு” என்று சொன்னாராம், முகம் பார்க்க வேண்டாம், சத்தம் கேட்டால் போதும் என்று. அது உண்மைதான், ஒரு தடவை வந்து தங்கிப் போனவரின் குரலை அப்பா மறக்க மாட்டார். ஆனால் போய்வருவது எப்படி? நான் கையைப் பிடித்துப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். கண்டக்டர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “கண்ணு காணாத்த ஆளா, ஒண்ணு எழுந்நேற்று கொடுக்கணே” என்பார். கண் தெரியாதவருக்கு எழுந்து இடம் கொடுங்கள் என்று நல்ல மனதோடுதான் சொல்வார். அப்பாவின் கை என் கைக்குள் அப்படியே விறைக்கும். உட்கார மாட்டார். இறங்கும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். பிறகு இன்றைக்குத் தலைவலி, நாளைக்கு மழை என்று போகாமல் இருக்க ஆரம்பித்தார். நான் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். அவர் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரேடியோ ஓடாதபோதும் அப்படியே உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துக்கொண்டு தைத்தால் எனக்கு ஜாக்கெட்டுக் கை நேராக வராது.

அந்த வருஷம் ஓணத்துக்கு நீ வந்தாய். மூன்றாம் நாள் என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, கால் இடுக்கில் இருந்து தரை வரை அளந்தாய். “பேண்ட் தைக்கப் போறியாலே” என்று அவர் கேட்டார். வெகு நாளைக்குப் பிறகு அவர் கேலி பண்ணியது அன்றைக்குத்தான். அடுத்து என்னையும் அளந்தாய். தோள் அகலம், கை நீளம் எல்லாம். நான் இத்தனை வருஷமாக ஊரையே அளந்திருக்கிறேன், என்னை யாரும் அளந்ததில்லை. எதற்கு என்று கேட்டதற்கு, “இரு அம்மா, சொல்றேன்” என்றாய்.

பிறகு சாலை மார்க்கெட் சந்துக்குள் சைக்கிள் செய்கிற ஷாஜியின் பட்டறைக்கு எங்களைக் கூட்டிப் போனாய். இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள் என்று நீ சொன்னதும் எனக்கு வந்தது சிரிப்பு. சர்க்கஸ்தான் ஞாபகம் வந்தது. ஆனால் நீயும் ஷாஜியும் சண்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு சாமானாகத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்த பிறகு சிரிப்பு போய்விட்டது. அலுமினியம் என்றால் கனம் குறையுமே என்று ஷாஜி கேட்டார். “கனம் இருக்கட்டும் அண்ணா. இரும்புன்னா எந்த ஊர்லயும் ஒரு வெல்டர் ஒட்டிக் கொடுப்பான். இது அவங்க ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும் ஓடணும்” என்றாய். அப்பா சட்டத்துக்கு வைத்திருந்த இரும்புக் குழாயை நகத்தால் சுண்டிப் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை சுண்டினார். “நல்ல இரும்புதான்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு உன் முகம் மலர்ந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

எங்கே போனாலும் டயர் டியூப் கிடைக்கிற அளவுச் சக்கரமே போதும் என்றாய். இரண்டு பேர் கனம் தாங்க வேண்டும் என்று பின் சக்கரத்துக்குப் போக்ஸ் கம்பி கூடுதலாகப் போடச் சொன்னாய். டயர் டவுன் ரோட்டில் இழுக்கவும் கூடாது, மண்ணில் வழுக்கவும் கூடாது என்று நீ சொல்ல, அப்படி ஒரு டயரைத் தேடி ஷாஜி அலைந்தார். மழைக்கு மட்கார்டு, அரிசிச் சாக்கு தாங்குகிற கேரியர், சக்கரம் சுற்றினாலே எரிகிற விளக்கு. அப்பாவின் சீட்டுக்கு மட்டும் அடியில் கனமான ஸ்பிரிங் வைக்கச் சொன்னாய். ஏன் என்று நான் கேட்டேன். “பள்ளம் வர்றது உனக்குத் தெரியும், நீ உடம்பைத் தூக்கிப்ப. அப்பாவுக்குத் தெரியாதும்மா. தெரியாம விழுற அடிதான் முதுகுல ஏறும்” என்றாய். நான் அப்பாவோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள், எனக்கு அது தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. ரம்யா, இதை நீ வாசித்துக் காட்டுகிறாய் என்றால் இந்த இடத்தில் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே படி.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மூன்றாவது பிரேக். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இரண்டு பிரேக்கும் முன்னால் இருக்கிறவர் கையில். மலை இறக்கத்தில் அது மட்டும் போதாது, சூடாகிவிடும் என்று பின் சக்கரத்தின் நடுவில் இன்னொரு டிரம் பிரேக் வைத்து, அதன் பிடியை அப்பாவின் கையில் கொடுத்தாய். “பின்னால இருக்கற ஆளுக்கு எதுக்கு பிரேக், சுகமா இருந்தா மதியல்லோ” என்று ஷாஜி கேட்டார். “அவர் சரக்கு இல்லண்ணா, ஆளு” என்றாய். அப்பா தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பிடியைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முன்னால் நீ உட்கார்ந்து அவரை ஓட்டுவாய், நீ ஊருக்குப் போன பிறகு யாராவது பையனை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வண்டி முடிந்த அன்றைக்கு முன் சீட்டைத் தட்டி, “ஏறும்மா” என்றாய். போனக்காட்டில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவளுக்குச் சைக்கிள் ஏது? ஏறினால் ஏற்றம், இறங்கினால் இறக்கம், வரிசை வீடுகளைத் தாண்டினால் தேயிலை. கீழே டவுனுக்குத் தையல் கம்பெனி வேலைக்கு வந்தபோது பஸ்ஸில் போனேன், கல்யாணம் ஆன பிறகு உன் அப்பாவின் சைக்கிளில் பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்துதான் போயிருக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல், ஆற்றங்கரைப் பக்கத்து மைதானத்தில், சுடிதாரைக் கிளிப்பால் இறுக்கிக்கொண்டு, நீ சின்னச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே ஓடி வர நான் கற்றுக்கொண்டேன். இரண்டு முட்டியும் தேய்ந்தது. அக்ரஹாரத்து மாமி ஒருத்தி நடைப்பயிற்சிக்கு வருவாளே, அவள் ஒரு நாள் நின்று, “பேஷா ஓட்டறேளே, நேக்கும் ஆசையாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் எனக்கே நம்பிக்கை வந்தது.

அப்பாவைப் பின்னால் ஏற்றிய முதல் காலையை நீ பார்த்தாய். ஆனால் நாங்கள் என்ன பேசிக்கொண்டோம் என்று உனக்குக் கேட்டிருக்காது. நான் ஒன்றும் சொல்லாமல் பிரேக் பிடித்ததும் அவர் மூக்கு என் முதுகில் வந்து மோதியது. “ஏட்டி, சொல்லிட்டு நிறுத்து” என்றார். “எதைச் சொல்ல?” என்றேன். “எல்லாத்தையும் சொல்லு. பள்ளம்னா பள்ளம், வளைவுன்னா வளைவு. மிதிக்கணுமா விடணுமா, அதைச் சொல்லு. நீ சொல்லாட்டா எனக்கு ரோடு கிடையாது.” எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணம் ஆன நாளில் இருந்து நான் மனசுக்குள்ளேயே எல்லாவற்றையும் முடிவு பண்ணிச் செய்துவிட்டு, பிறகு அவருக்குச் சொல்கிற ஆள். வண்டியில் அது நடக்கவில்லை. வலது பக்கம் திரும்புறேன், முன்னால பஸ் நிக்கி, இங்க தண்ணி கிடக்கு என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவர் மிதித்துக்கொண்டே வந்தார். நீ இந்தப் பழக்கத்தை ரம்யாவிடம் வண்டி இல்லாமலே பழகிக்கொள். வீடு மாறுகிறாயா, வேலை மாறுகிறாயா, முடிவு பண்ணின பிறகு சொல்லாதே. நிறுத்துவதற்கு முன்னால் சொல்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு நாள்கூடத் தலைவலி என்று சொல்லவில்லை. காலையில் கரமனைப் பாலம், கிள்ளிப்பாலம், தம்பானூர். லாட்ஜ் வாசலில் நிறுத்தினால் அவரே இறங்கி, படிகளை எண்ணாமலே ஏறி, நேராக மேஜைக்குப் போய்விடுவார். ஸ்டாண்டில் இருக்கிற ஆட்டோக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, “சேச்சி, இன்னு கிழக்கே ரோடு பொளிச்சிருக்கு, மற்றே வழி போய்க்கோ” என்று தோண்டிப் போட்ட ரோட்டையும் மாற்று வழியையும் அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ஏற்றத்தில் நான் மூச்சு வாங்கியபோது பின்னால் இருந்து, “நீ சும்மா இரு, பாரத்தை நான் எடுக்கேன்” என்றார். நிஜமாகவே எனக்குக் காலில் கனம் குறைந்தது. பஸ்ஸில் கை விறைத்து நின்ற ஆளும் இவரும் ஒருவர்தானா என்று எனக்கு ஆச்சரியம்.

போனக்காட்டுக்குப் போகலாம் என்று சொன்னது அவர்தான். அதை நீ நம்ப மாட்டாய், உன் மாமாவும் நம்பவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் ஜீப்பில் வந்து போன ஊர் அவருக்கு. “கண்ணு இருந்தப்ப நான் உன் ஊரைப் பார்க்கல. இப்ப மிதிச்சாவது பார்க்கணும்” என்றார். மாமா ஜீப்பின் மேலே வண்டியைக் கட்டி விதுரை தாண்டி மேலே கொண்டுபோனான். செக்போஸ்ட்டைக் கடந்து பாதி மலை ஏறின பிறகு இறக்கி வைத்தோம். ஒரு இடத்தில் யானை போட்டுப்போன சாணி கிடந்தது. நான் சொல்வதற்கு முன்னாலேயே மோந்து பார்த்துவிட்டு, “இது இன்னைக்குக் காலைல போட்டது” என்று அப்பா சொல்ல, மாமாவுக்கு வியப்புத் தாங்கவில்லை. ஜீப்பை முன்னால் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனான்.

தேயிலைக்கு நடுவில் கொழுந்து எடுப்பவர்கள் நடக்கிற மண்பாதை ஒன்று உண்டு, அதில் வண்டியை விட்டேன். செடி இரண்டு பக்கமும் எங்கள் முழங்கையை உரசியது. “நிறுத்தாத, நிறுத்தாத” என்று அப்பா சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். கையை நீட்டிச் செடியின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். பனி வந்து மூடியது. எனக்கே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. “இப்ப எனக்கும் ஒண்ணும் தெரியல” என்றேன். “அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான், மெதுவா போ” என்றார். நான் பிறந்த லயத்து வீட்டு வாசலில் இறங்கினோம். இப்போது மாமா இருக்கிற வீடுதான். அப்பா சுவரைத் தடவிக்கொண்டு போய், கதவு எங்கே, ஜன்னல் எங்கே, அடுப்பு எங்கே என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டைப் பற்றி அவர் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை. நானும் இவ்வளவு சொன்னதில்லை.

விழுந்தது திரும்பி இறங்கும்போது. இறக்கத்தில் நான் இரண்டு பிரேக்கையும் மெல்ல விட்டுப் பிடிக்க, அப்பா தன்னுடைய பிரேக்கை ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு வந்தார். வேகம் கூடவே இல்லை. கல் நிறைந்த ஒரு வளைவில் திடீரென்று பெடல் இரண்டும் அப்படியே இறுகி நின்றன. என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை, அதனால் சொல்லவும் முடியவில்லை. அப்பா பயந்து இடது காலை ஊன்றினார். வண்டி சாய்ந்தது. நான் கையை ஊன்றி விழுந்தேன், மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பள்ளத்தில் உருளவில்லை, தலையில் அடி இல்லை. மாமா உன்னிடம் என்ன சொன்னானோ தெரியாது, அவன் எதையும் கூட்டித்தான் சொல்வான்.

ஆனால் அந்த நேரத்தை எப்படி உனக்குச் சொல்வது? வலியில் எனக்குக் குரல் வரவில்லை. குரல் வராவிட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அப்பா முட்டி போட்டு, இரண்டு கையாலும் தரையைத் துழாவிக்கொண்டு, என் பேரைச் சொல்லிச் சொல்லி அந்தக் கல்லில் தவழ்ந்து வந்தார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இல்லை, உனக்குத் தெரியும். முதலில் என் செருப்பு அவர் கையில் கிடைத்தது. பிறகு என் கால். பிறகு முகத்தைத் தடவி, மூக்கில் மூச்சு வருகிறதா என்று பார்த்தார். “கைதான், வேற ஒண்ணும் இல்ல” என்று நான் சொன்னதும் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, என் கையை வயிற்றோடு சேர்த்துக் கட்டினார். கண் தெரிகிற ஆள்கூட அவ்வளவு பக்குவமாகக் கட்டியிருக்க மாட்டார். மாமா ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வரும் வரை, “நான் காலை ஊனியிருக்கக் கூடாது” என்று அவரும், “நான் வண்டியை நேரே பிடிச்சிருக்கணும்” என்று நானும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கட்டுப் போட்டிருந்த நாட்களில் வீட்டு வேலை எல்லாம் அவர்தான் செய்தார். சோறு வடிக்க மட்டும் பக்கத்து வீட்டில் இருந்து வருவார்கள், மற்றது எல்லாம் அவரே. என் தலைமுடியை அவர் வாரிப் பின்னிவிட்டார் என்றால் நீ சிரிப்பாய். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, முதல் நாள் கோணல், இரண்டாம் நாள் தளர்வு, அப்புறம் நான் பின்னுவதைவிட நேராக வந்தது. ஆனால் சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரரோடு ஆட்டோவில் லாட்ஜுக்குப் போய்வந்தார். நீ சொல்லும் முன்பே, விற்றுவிடலாம் என்று அவரே நினைத்திருந்தார்.

வளைந்த பெடலைப் பார்க்க ஷாஜி வீட்டுக்கு வந்தார். முன் பெடலையும் பின் பெடலையும் சேர்க்கிற இடது பக்கச் செயினைத் தூக்கிக் காட்டினார். முன் பெடலின் அச்சைப் பிடித்திருந்த போல்ட் கல் ரோட்டில் ஆடி ஆடி இளகியிருக்கிறது. செயின் தொய்ந்து, பல்லை விட்டு இறங்கி இடையில் மாட்டிக்கொண்டது. “இது ஆருடேயும் குற்றமில்ல அண்ணா. சேச்சியும் அல்ல, நீங்களும் அல்ல. நான் அந்த போல்ட்டுக்கு ஒரு லாக் வாஷர் கூடப் போட்டுத் தரேன்” என்றார். அப்பா செயினின் நடுவில் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தார். “இப்ப எவ்வளவு ஏறுது? எவ்வளவு ஏறலாம்?” என்று கேட்டார். ஷாஜி இறுக்கிக் காட்டினார், தளர்த்திக் காட்டினார். அப்பா இரண்டையும் விரலில் வாங்கிக்கொண்டார். அன்றில் இருந்து காலையில் எழுந்ததும் அந்தச் செயினைத் தூக்கிப் பார்ப்பார். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று நகத்தை விட்டுப் பார்ப்பார். போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் சுண்டுவார். வண்டியில் ஏறலாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் உன் போன் வந்தது. போனை வைத்ததும் அப்பா வெங்காயத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு கேட்டார், “ஏட்டி, உனக்குப் போகணும்னு இருக்கா?”

பொய் சொல்லக் கூடாது மக்கா. எனக்கு இருந்தது. ரம்யாவுக்கு இது ஏழாம் மாதம். அவளுக்கு அம்மா இல்லை. பிள்ளை பிறக்கும்போது நான் அங்கே இல்லாமல் இருக்க முடியாது. லிஃப்ட் உள்ள வீடு, தண்ணீருக்கு மோட்டார் போட வேண்டாம், துணி மெஷினே துவைக்கும். களைப்பும் எனக்கு இருக்கிறது. “இருக்கு” என்றேன். “உங்களுக்கு?”

“அவன் நல்லாத்தான் வச்சிருப்பான். அதுல சந்தேகம் இல்ல” என்றார். வெங்காயத் தோலைக் கூட்டி எடுத்துக்கொண்டே, “ஆனா அங்க நான் எங்க போவேன்? பால்கனி வரைக்கும் போவேன். ரம்யா கையைப் பிடிச்சுப் பார்க்குக்குப் போவேன். இங்க எனக்கு வேலை இருக்கு. என் குரலைக் கேட்டா மூணு பேராவது திரும்பிப் பார்ப்பாங்க” என்றார். கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். “நீ போகணும்னா போவோம். உனக்காக நான் வருவேன். ஆனா சைக்கிளை அவன் சொன்னான்னு விக்காத. அவன் தப்பு பண்ணிட்டதா நினைச்சுட்டு இருப்பான் காலம் பூரா.”

நாங்கள் அன்றைக்கு நிறையப் பேசினோம். எங்களுக்குள் அத்தனை பேச்சு வரும் என்று எனக்கே தெரியாது. அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்தோம். அதை உனக்கு இப்போது சொல்கிறேன். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். ரம்யா எழுந்து நடமாடி, பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் இருக்கிறோம். அப்பா இல்லாத அந்த நாட்களுக்கு லாட்ஜ் முதலாளி ஆள் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நாங்கள் திரும்பி வரும் வரை வண்டி ஷாஜியின் பட்டறையில் நிற்கும். உன் வீட்டில் எங்களுக்கு ரூம் ஒதுக்கி வைத்திருக்கிறாயே, அதைப் பூட்டி வைக்காதே, உன் துணியையோ பிள்ளை சாமானையோ போட்டுக்கொள். நாங்கள் வரும்போது எடுத்தால் போதும். நீ மனம் நோகாதே. எங்களை உன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீ நினைத்ததே எங்களுக்குப் பெரிது. ஆனால் யாரையாவது பத்திரமாக வைக்க வேண்டும் என்று தோன்றும்போது, அவர்களிடம் இன்னும் என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார். நீ அன்றைக்கு ஷாஜியிடம் பிரேக்குக்காகச் சண்டை போட்டவன், உனக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

கட்டுப் பிரித்த பிறகு கை கொஞ்சம் பலவீனமாகத்தான் இருக்கிறது. இரண்டு வாரமாக ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். நேற்றுக் காலையில் அப்பா வழக்கம்போலச் செயினைத் தூக்கிப் பார்த்தார், கம்பிகளைச் சுண்டினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “வண்டி சரியா இருக்கு. நீ சரியா இருக்கியா?” என்று கேட்டார். நான் ஏறினேன். அவருக்குப் பயம் இல்லை, எனக்குத்தான் இருந்தது. கரமனைப் பாலத்துக்கு முன்னால் “நிறுத்துறேன்” என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். பின்னால் இருந்து அவர் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. “எனக்கு நேரம் இருக்கு, நீ எப்ப சொல்றியோ அப்ப மிதிக்கேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மிதிங்க” என்றேன். மிதித்தார்.

லாட்ஜுக்கு நேரே போகவில்லை. எதிரே இருக்கிற ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் பூட்டிவிட்டு, டிக்கெட் கவுண்டர் வரிசையில் இரண்டு பேரும் நின்றோம். எங்கள் முறை வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா கண்ணாடித் துவாரத்தின் பக்கம் குனிந்து, அந்த வரவேற்பு மேஜைக் குரலில் சொன்னார்:

“பெங்களூருக்கு ரெண்டு பேர். போறதுக்கும், திரும்பி வர்றதுக்கும்.”

உன் அம்மா